பயம் தெளிகிற வரை

"மேலேருந்து கையை நீட்டாதே, பத்தூல். பருந்துன்னு பச்சோந்தி மிரண்டுடும்," என்றான் மீலூத், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே. "மெல்லப் பேசணும். நீயே ஆசையா வாங்கிட்டு வந்துட்டு, இத்தனை நாளா கிட்டயே வரலையே!"

அவள் வைத்த புதினா தேநீர் ஆறிப்போயிருந்தது. பதினைந்து நாளாக வேலை விட்டு வந்ததும் தொட்டிச்செடி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான்.

கறுத்துக் கிடந்த பச்சோந்தி மெல்லப் பச்சையானது. ஒரு காலை அவன் விரல்மேல் வைத்தது.

"வந்துட்டியா, என் கண்ணு!"

இந்தக் குரலைக் கேட்டு பத்தூலுக்கு ஆறு வருடமாகிறது.

வாசலுக்குப் போன பத்தூலிடம் பக்கத்து வீட்டு யாம்னா கிசுகிசுத்தாள். "என்னடி, இன்னும் அதை நெருப்புல போடலையா? வெடிச்சா, எவளோ உன் புருஷனுக்குச் சூனியம் வச்சிருக்கா. உருகினா, சூனியம் இல்ல. இதுக்குத்தானே மெக்னெஸ் சந்தையில தேடி வாங்கினோம்? எங்க வீட்டு அடுப்புல தணல் தயாரா இருக்கு. எடுத்துட்டு வா."

பத்தூல் திரும்பிப் பார்த்தாள். மீலூத் பச்சோந்திக்கு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"தணலை அணைச்சிடு, யாம்னா. அவருக்குச் சூனியமெல்லாம் இல்ல. அன்பா இருக்க நல்லாவே தெரியுது."