சத்தம் வராத கேமரா

முதல் அடி மகேந்திரனின் தோளில் விழுந்தபோது, புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வடிவு கேமராவின் திரையைத்தான் பார்த்தாள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தாள்.

கிளாவரையில் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூண்டுப் பாத்திக்கு நடுவே மூன்று பேர் மகேந்திரனை வளைத்து நின்றார்கள். மூன்று பேருமே மப்ளரைக் கண்ணுக்குக் கீழே வரை சுற்றியிருந்தார்கள். குளிருக்கு அந்த ஊரே மப்ளர் சுற்றும்தான், ஆனால் இவர்கள் சுற்றியிருந்தது குளிருக்கு இல்லை.

"வெள்ளனே காட்டுக்கு வாங்க, பேசி முடிப்போம்னு சொல்லிவிட்டவன் நீதானலே? இப்ப என்ன பேச்ச மாத்துற?" உயரமானவன் உருட்டுக்கட்டையை ஓங்கினான். "வெரசாக் கையெழுத்தப் போட்டுட்டு ஓஞ்சோலியப் பாத்துட்டுப் போ. ரிசார்ட்டுக்காரரு எத்தன வாட்டி சொல்லி விடுவாரு?"

"எங்கய்யா கல்லப் பெரட்டித் திருத்துன காடு. ஒரு சாண் தர மாட்டேன்."

அந்த வார்த்தைக்கு விலாவில் இறங்கியது கட்டை. மகேந்திரன் பாத்தியில் விழுந்தான்.

இதே ஆட்கள்தான் இதற்கு முன்னால் அழகுமலையின் கையை முறித்து அவர் காட்டை எழுதி வாங்கினார்கள். இன்னொரு காட்டுக்காரர் பெரியண்ணனுக்குக் கால் போனது, காடும் போனது. கேஸ் எதுவும் நிற்கவில்லை. அடித்தவன் மூஞ்சியைப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது.

எண்பது அடி தூரத்தில் ஒரு மனிதனை நாயை அடிப்பதுபோல் அடிக்கிறார்கள். வாயைத் திறந்து கத்தினால் அடுத்த காட்டில் களை எடுப்பவர்கள் ஓடி வருவார்கள். வடிவு கத்தவில்லை. இவளெல்லாம் என்ன பிறவியோ, முட்டி போட்டு இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். படத்துக்கு வெயில் சரியாக விழ வேண்டுமாம்!

கேமராவும் கத்தவில்லை. அதற்காகவே தேடி வாங்கியது அது.

போன வாரம் கொடைக்கானலில் அவள் கேமரா மாற்ற வந்ததைக் கடைக்காரர் முருகவேல் லேசில் மறக்க மாட்டார். இரண்டு வருஷமாகச் சின்னக் கேமரா ஒன்றில் குருவியும் காட்டுப்பூவும் எடுத்துப் பழகியவள் அவள். மெகாபிக்ஸல் அதிகம் உள்ள ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"இத எடுங்க மேடம், டீடெயில் செமையா இருக்கும். பேர்ட்ஸ்தானே?"

"ஆமாங்க. ஆனா இது டப்பு டப்புன்னு சத்தம் போடுதே, பறந்துரும். எம் பழசும் இப்படித்தான். பனி எறங்குனா கலங்கலா வேற விழுது."

"அப்ப மிரர்லெஸ் போங்க. சைலண்ட் ஷட்டர், போட்டோ எடுக்கிறதே தெரியாது. ரேட்டுதான் கூட. பறவை எவ்வளவு தூரத்துல உக்காரும்? எவ்வளவு நேரம் இருக்கும்?"

"எம்பது அடி இருக்குங்க. எவ்வளவு நேரங்கிறது எங்க வீட்டுக்காரரு கையிலதான் இருக்கு."

முருகவேல் சிரித்துவிட்டார். "ஏன், அவரு புடிச்சு வெச்சுக்கிருவாராக்கும்?"

வடிவு சிரிக்கவில்லை. அவரையே ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பி, நடங்க, திரும்புங்க, ஓடுங்க என்று வேலை வாங்கினாள். "நான் என்ன கொக்கா மேடம்?" என்று அலுத்துக்கொண்டே அவரும் ஓடினார், பாவம். அன்றைக்கு நல்ல பனி. இருந்தும் படத்தில் அவர் மூக்கோரத்து மச்சம் வரை தெரிந்தது.

"இதையே குடுங்க" என்றாள்.

இப்போது அந்தக் கேமராவுக்குள் மகேந்திரனின் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது.

அடி வாங்குகிறவன் தலையைத்தான் பொத்துவான். இந்தப் பைத்தியக்காரன் எழுந்து எழுந்து அவர்கள் மேலேயே பாய்ந்தான். உயரமானவனைக் கட்டிப்பிடித்து விழுந்தபோது அவன் மப்ளர் மகேந்திரனின் கையோடு வந்தது. அடுத்தவனின் மப்ளரும் கிழிந்து தொங்கியது.

"விடுலே! பொணமாப் போயிருவ!"

மூன்றாமவன் கீழே கிடந்த மம்பட்டியை எடுத்துக் காம்பால் முட்டியில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் புதர் வரை கேட்டது. அந்தக் காலோடும் மகேந்திரன் தவழ்ந்து போய் அவன் கழுத்தைப் பிடித்துத் தொங்கினான். மப்ளரை உருவிய பிறகுதான் கை தளர்ந்தது.

வடிவு உதட்டைக் கடித்துக்கொண்டு கேமராவைக் கன்னத்தோடு அழுத்திப் பிடித்தாள். குலுங்கினால் படம் கெட்டுவிடும்.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுற. இல்ல, மத்தக் காலும் இருக்காது" என்று காறித் துப்பிவிட்டு உயரமானவன் நடந்தான். மற்ற இருவரும் மப்ளரைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். ஜீப் கிளம்பியது.

ஜீப் சத்தம் கொண்டை ஊசி வளைவைத் தாண்டும் வரை வடிவு அசையவில்லை. அதன் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று பாத்தியிலேயே நின்றுவிட்டது. மகேந்திரனின் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கதறினாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் கஷ்டப்பட்டுத் திறந்தான். கிழிந்த உதட்டை அசைத்துக் கேட்டான்.

"மூணு பேரு மூஞ்சியும் விழுந்துருச்சா புள்ள?"