வெளியே போங்கம்மா

“வெளியே போங்கம்மா!”

அவசரப் பிரிவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் டாக்டர். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, விட மனசில்லாமல் விட்டுவிட்டுப் போனாள். நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிடுமூஞ்சி என்று இவருக்குச் சும்மாவா பேர் வைத்தார்கள்?

இடுப்பு ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாளாகப் படுக்கையில் இருந்த மனிதர். காலையில் திடீரென்று மூச்சுத் திணறல். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்குப் பிரஷர் இல்லை. கட்டிலிலேயே எக்கோ வைத்துப் பார்த்ததில் இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது. இடது காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

“கால் ரத்தக்குழாய்ல உறைஞ்ச கட்டி நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. கரைக்கிற ஊசி எடுத்துட்டு வாம்மா, ஓடு!”

ஓடினாள். ஊசியும் போட்டார்கள். நெஞ்சை அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

வெளியே மகன் டாக்டரின் சட்டையைப் பிடித்தான்.

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு? திடீர்னு எப்படி அடைக்கும்?”

“படுத்தே இருந்தா சில பேருக்கு வரும்ப்பா.”

“அது ஏன் இன்னிக்கு?”

டாக்டர் அந்த அம்மாவை ஒருதரம் பார்த்தார். “தெரியல.”

“தெரியாமத்தான் ஊசி போட்டீங்களா? கொன்னுட்டீங்களேய்யா!”

“விடுடா,” அம்மா மகனை இழுத்தாள். “கடைசி நேரத்துல என்னைத் துரத்தினாரே, அந்தப் பாவம் சும்மா விடாது.”

டாக்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார். நர்ஸால் அடக்க முடியவில்லை.

“அவங்களை ஏன் சார் துரத்துனீங்க?”

“கால்ல எண்ணெய் பார்த்தேன். யார் தேய்ச்சாங்கன்னு அவங்க முன்னாடி கேக்க முடியாது.”

“அவங்களேதானா?”

“மூணு நாளா. வீங்கியிருக்கேன்னு அழுத்தி அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. அதுல கட்டி நகர்ந்திருக்கலாம்.”

“அவரே சொன்னாரா?”

“நீ ஊசிக்கு ஓடினப்போ சொன்னாரு. நான் எதுக்குக் கேக்கறேன்னும் புரிஞ்சுக்கிட்டாரு. இருந்த கொஞ்ச மூச்சையும் கூட்டி, ஒண்ணே ஒண்ணுதான்மா கேட்டாரு... ‘அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.’”