நீலக் கோட்டுக்கு அடியில்

முதல் படம் கன்னங்கரேலென்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே.

அண்ணன் முதலில் கேமராவைத் திட்டினான். பிறகு லென்ஸில் மாட்டியிருந்த, அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் கறுப்பு ஃபில்டரை, பிறகு அதை விற்ற கடைக்காரனை.

டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே அழுத்திப் பார்த்தபோது திரையில் ஊதாப் புள்ளி மின்னத்தான் செய்தது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கேமராவுக்குத் தெரிகிறது. பின்னே ஏன் இருட்டு?

தங்கைதான் செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள். எல்.இ.டி. டியூப்லைட்டில் அந்த ஒளி கிடையாதாம், வெயில் வேண்டுமாம். அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது.

மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். அதன்மேல் அம்மாவின் கடிதம்.

தங்கை பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அப்பாவுக்குப் பென்சிலால் எழுதியது. ஐந்தாம் நாள் அம்மா இல்லை.

பையனுக்குக் காதில் மருந்து விடுங்கள் என்று இருந்தது. சமையலறைக் குழாய் ஒழுகுவதுகூட இருந்தது. தங்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரே ஒரு இடத்தை மட்டும் அப்பா நீலப் பேனாவால், தாள் கிழியாத குறையாக, அடித்துவைத்திருந்தார்.

போன மாதம் அப்பா இறந்தபின் கடிதம் அலமாரியில் கிடைத்தது. அன்றிலிருந்து தங்கைக்குத் தூக்கமில்லை. அம்மா தனக்கென்று விட்டுப்போனதை அழிக்க அப்பாவுக்கு எப்படி மனசு வந்தது என்று பொருமிக்கொண்டே இருந்தாள்.

அகச்சிவப்பில் நீல மை மறைந்துபோகும், பென்சில் எழுத்து மறையாது என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னவன் அண்ணன்தான். சொன்னதும் மாட்டிக்கொண்டான்.

அவள் ஜன்னல் திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது விநாடி எதுவும் அசையக்கூடாது. அவன் பொத்தானை அழுத்திவிட்டு எண்ணினான். அவள் உதடும் கூடவே எண்ணியது.

படம் வந்தது. நீலக் கோடு போன இடம் தெரியவில்லை. அம்மாவின் குண்டுகுண்டான எழுத்து அவன் முகத்துக்கு நேரே நின்றது.

'குழந்தையைக் கொண்டுவந்து காட்டாதீர்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.'

அவனுக்கு தங்கையோடு சேர்ந்து அப்பாவைக் கரித்துக்கொட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. விரல் தானாகப் போய் அந்தப் படத்தை அழித்தது.

"அசைஞ்சிடுச்சு. வெயில் வேற கூசுது, இங்க சரிவராது," என்றான்.

கடிதத்தையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போனான். டியூப்லைட்டைப் போட்டான். மறுபடி முப்பது விநாடி. இந்த முறை அவன் மட்டும்தான் எண்ணினான்.

கறுப்பாக விழுந்த படத்தை அவளிடம் நீட்டினான். அப்பா ரொம்ப அழுத்தி அடித்துவிட்டார், இந்தக் கேமராவால் ஆகாது என்றான்.

தங்கை படத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"சரிண்ணே. அப்பா அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்."