நெற்றி முடி

முடி கொட்டியதற்கு மாத்திரை போடத் தொடங்கிய எட்டு மாதத்தில் சிவநேசனுக்கு முன்நெற்றியில் முடி அடர்ந்து வளர்ந்துவிட்டது. ஆனால் ஆறு மாதமாக அவன் மனைவி கோமளாவைத் தொடவே இல்லை. யாரோ ஒருத்திக்காகத்தான் இந்த அலங்காரம் என்று அவள் நம்பினாள். அவன் செல்போனைத் துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை, கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தவனிடம் கேட்டே விட்டாள்.

"யாருங்க அவ?"

அவன் சீப்பைக் கீழே வைத்தான். "யாரும் இல்ல கோமு. முடிக்கு மாத்திரை போடுறேன்ல, அதுலதான் ஆசையே வரமாட்டேங்குது. சிலருக்கு இப்படி ஆகும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவளுக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. "அப்ப நிறுத்திடுங்க."

"நிறுத்தினா கொட்டிடுமே."

சொல்லும்போதே அவன் கை நெற்றி முடியை மெல்ல ஒதுக்கிவிட்டது. அத்தனை பதமாக அந்தக் கை தன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று! கோமளாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.