உடற்பயிற்சி: இல்லை

சன்னல் வெயில் நர்சின் மேசை விளிம்பில் படிந்திருக்கிறது. கணவரின் கையில் சுற்றிய பட்டையிலிருந்து உஸ்ஸென்று காற்று இறங்குகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், மரத்துப்போன பாதம் என்று அவருடைய தாள் நிறைந்துவிட்டது. மனைவியின் தாள் அநேகமாக வெறுமையாகக் கிடக்கிறது. "உடற்பயிற்சி ஏதாவது செய்வீங்களாம்மா?" "அதுக்கு எனக்கு ஏதும்மா நேரம்? வேல பாக்கவே சரியா இருந்துச்சு," என்கிறாள், ஏழு மாடிக் கட்டடமொன்றின் படிகளை நாற்பது வருடம் வாளியோடு ஏறி இறங்கித் துடைத்தவள். நர்ஸ் 'இல்லை' என்று எழுதுகிறாள். "நீங்கய்யா?" அதே கட்டடத்து லிப்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்தியவர் அவர். "நானா? தினமும் நூறு தடவ ஏழாவது மாடிக்குப் போய்ட்டு வந்தவன்மா." நர்ஸ் சிரித்துவிட்டு அதற்கும் 'இல்லை' என்றே எழுதுகிறாள்.

டாக்டர் அறை ஒரு மாடி மேலே. வெளியே வந்ததும் அவர் விரல் தானாக லிப்டுப் பொத்தானைத் தேடுகிறது. அவள் அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு படிப்பக்கம் திரும்புகிறாள். "மெதுவா வாங்க. நான் இருக்கேன்ல." பாதத்துக்குத் தெரியாத படிகளை அவர் கண்ணால் பார்த்துப் பார்த்து ஏறுகிறார். கைப்பிடித் தூசியை அவள் உள்ளங்கை பழக்கத்தில் துடைத்துக்கொண்டே போகிறது. நடுவில் நிற்கிறார்கள், பிறகு ஏறுகிறார்கள். கடைசிப் படியில் அவர் நிமிர்ந்து, பழைய லிப்டுக் குரலில் அறிவிக்கிறார்: "முதல் மாடி." இத்தனை வருடமும் அந்தக் குரல் கம்பிக் கதவுக்குள்ளிருந்து அவளைக் கடந்து போயிருக்கிறது. இன்று அது அவள் காதருகே மூச்சு வாங்குகிறது.