வைக்கோல் போரில் ஒரு வலை

“அப்பா, கொக்கு டீச்சரக்கா வந்திருக்காங்க” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, குந்தவை கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். மதிவதனி சிரிக்கப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

காட்டுவாளா பின்னே? அவளுடைய அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே நின்று பார்த்ததே!

மதிவதனி பக்கத்து ஊர்க்காரி, கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளைக் குளக்கரைக்கும் வயல் வரப்புக்கும் அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டுவாள். கொக்கும் மடையானும் பூச்சியைத் தின்று பயிரைக் காக்கின்றன, வலை வைத்து அவற்றைப் பிடிப்பது குற்றம் என்று சொல்லிக்கொடுப்பாள்.

வலையைக் கண்டால் கூப்பிட வேண்டிய வனத்துறை எண்ணையும் விடவில்லை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுகிற பிள்ளைகள்கூட அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சம்பா நட்ட வயல்களில் கொக்குகள் இறங்கிய சமயத்தில் யாரோ போன் போட்டார்கள். பிடிபட்டவர் குந்தவையின் அப்பா இளையபெருமாள். ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஊர் மதிவதனியைத்தான் கைகாட்டியது. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தன்னால் வந்த வினையாகவே பட்டது. குந்தவை வகுப்புக்கு வருவதை நிறுத்தியதும், இனியும் தாங்காது என்று மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டாள். இந்தத் தெருவுக்குள் அவள் வந்ததே இல்லை. நாலு பேரிடம் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

இளையபெருமாள் கையில் கரண்டியோடு வெளியே வந்தார். மதிவதனி ஓரடி பின்வாங்கினாள். அவருக்குப் பின்னாலேயே சோறு அடிபிடித்த வாசனையும் வந்தது.

“வாம்மா. கொக்கு புடிச்சதுக்குச் சர்டிபிகேட் குடுக்க வந்தியா?”

“இல்லண்ணே… குந்தவை கிளாஸுக்கு வரலியேன்னு…”

“வந்து? இதுவரைக்கும் கொக்கைப் பத்திப் படிச்சாச்சு. இனிமே காக்காயைப் பத்திப் படிக்கணுமாக்கும்?”

“தப்பாப் போச்சுண்ணே. மன்னிச்சுக்குங்க.”

அவர் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தார். கோபம் இருந்த இடத்தில் களைப்புதான் தெரிந்தது.

“என்னைப் புடிச்சதுகூடப் பெருசில்லம்மா. வந்தவங்க வயப்பக்கமே போகல. நேரா கொல்லைக்கு வந்து, வைக்கோல் போருக்குள்ள கையை விட்டு வலையை உருவுனாங்க. அது அங்க இருக்குறது எனக்கும் எம் பொண்டாட்டிக்கும்தான் தெரியும். யாரு சொன்னான்னு கேட்டேன். பொம்பளக் குரலுன்னாரு ஜீப்புல வந்தவரு.”

அவர் கரண்டிக் காம்பால் தரையைக் கீறிக்கொண்டே தொடர்ந்தார்.

“ஆனந்தவல்லிதான் எப்பவும் ‘வேணாங்க, பாவம்’னு பொலம்பிக்கிட்டே கெடப்பா. அவதான்னு முடிவு பண்ணிட்டேன். பேசக்கூடாததெல்லாம் பேசிட்டேன். அவ நான் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. பையைத் தூக்கிக்கிட்டு தாராசுரத்துக்கு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

“நீங்க கூப்பிடலியாண்ணே?”

“கட்டுன புருசனைக் காட்டிக் குடுத்தவளை எப்படிம்மா கூப்புடுறது? அவளா வந்தாலும் உள்ள விடுறதா இல்ல.”

கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மதிவதனி அந்தப் பக்கம் திரும்பினாள். கதவின் அடியில், ஒரு பாதத்தின்மேல் ஏறி நின்ற இன்னொரு சின்னப் பாதம் மட்டும் தெரிந்தது. அவள் அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி மேல பழி போடாதீங்கண்ணே. போன் போட்டது நான்தான்.”

இளையபெருமாள் எழுந்துவிட்டார். “நீயா? எங்க கொல்லையில எங்க என்ன இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“வலை வைக்கிறவங்க வேற எங்கண்ணே ஒளிச்சு வைப்பாங்க? குத்துமதிப்பாத்தான் சொன்னேன். மாட்டிக்கிச்சு.”

அவர் கரண்டியை ஓங்கினார். ஓர் அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் அசையாமல் நின்றாள். அவர் கரண்டியை வாசலில் விட்டெறிந்தார்.

“அடிப் பாவி! நாலு கொக்குக்காக ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கிட்டியே! போ. இனிமே இந்தத் தெருப்பக்கம் தலையைக் காட்டாத. எம் புள்ளையும் ஒங்கிட்ட வரமாட்டா.”

மதிவதனி செருப்பை மாட்டினாள். வாசல் படலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து அவர் குரல் உடைந்து கேட்டது.

“ஆனந்தி… நான்தான். வச்சிடாத. தப்பு எம்மேலதான் ஆனந்தி… நீ கெளம்பி இரு, நான் வந்து கூட்டியாரேன்.”

தெருமுனைக்கு வந்தபோது, பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. குந்தவை மூச்சிரைக்க வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான் போட்ட போனை நீங்க போட்டதா ஏன்க்கா சொன்னீங்க?”