எழுதினால் போர்டு வரும்

“இதுவும் சரிப்படாது. வேற பாரும்மா” என்றார் ஊர்த் தலைவர் பொன்னுரங்கம்.

அர்ச்சனா கொண்டுவந்த மூன்றாவதையும் ஊர் தள்ளிவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஒன்று அமையாவிட்டால் பெண்ணின் கதி என்ன ஆகும் என்று அவள் அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

ஊர் கூடித் தேடியது மாப்பிள்ளையை அல்ல, கட்டுரைக்கு ஒரு தலைப்பை. அர்ச்சனா எம்.ஏ. வரலாறு படித்தாள். அதில் அறிவியல் வரலாறு என்று ஒரு பாடம். திங்கட்கிழமைக்குள் தலைப்பு கொடுக்காதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று பேராசிரியர் ஞானதாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் அவள் பழவேற்காடு ஏரியின் நண்டைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலமே நண்டு பிடிக்கிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். சரி, வலையைப் பற்றி என்றாள். அவள் அப்பா தாமோதரனே சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து ஏவுகிற ராக்கெட்டைப் பற்றி என்றதும் ஊர்க்கூட்டமே கூடிவிட்டது. ராக்கெட் விடுகிற நாளில் ஏற்கெனவே கடலுக்குப் போக முடிவதில்லை.

“மாமா, நான் எழுதப்போறது வெறும் பேப்பர். அதுக்கும் தடைக்கும் சம்பந்தமே இல்ல.”

பொன்னுரங்கம் பொறுமையாகச் சொன்னார்: “அப்படித்தாம்மா ஒருத்தன் வந்து பறவையப் பத்தி எழுதிக்கினு போனான். பின்னாடியே சரணாலயம்னு போர்டு வந்துச்சி. பறவைங்க இன்னிக்கும் ஜோராத்தான் கீது. நாமதான் அந்தப் பக்கம் படகு வுட முடியல.”

கிளிஞ்சலைப் பற்றி யாரோ எழுதிய பிறகுதான் கிளிஞ்சல் அள்ளுவதும் நின்றுபோனது என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். கூட்டம் தலையாட்டியது. அர்ச்சனாவுக்கு அழுகை வந்தது. இந்த ஊருக்குத் தேவைப்படாத ஒரு பொருளை அவள் எங்கே போய்த் தேடுவாள்?

அப்போது பெண்கள் பக்கமிருந்து மஞ்சு எழுந்தாள். பஸ் ஸ்டாப் அருகே இருக்கும் ஒயின் ஷாப்பை எடுக்கச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து அலைந்தவள் அவள். அந்தக் கடைக்கு அவள் புருஷன் உதயகுமார் நடந்த நடை அதைவிட அதிகம்.

“எழுதினா போர்டு வரும்னா, அந்தக் கடையப் பத்தி எழுதேன் அர்ச்சனா.”

உதயகுமார்தான் முதலில் வாயைத் திறந்து, சாராயத்தில் என்ன அறிவியல் இருக்கிறது என்று கேட்டான். அர்ச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காய்ச்சி வடிப்பதில்தான் பாதி வேதியியலே வளர்ந்தது என்றும், அதைப் பற்றி வகுப்பில் நாள் கணக்காகப் பாடம் நடந்தது என்றும் சொன்னாள்.

பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். உதயகுமார் பதறி எழுந்து, ஊர் நன்மைக்காக நண்டு போனால் போகட்டும் என்றான். ராக்கெட்டும் பரவாயில்லை என்றார் தாமோதரன். அவர்களை யாரும் சட்டை செய்யவில்லை.

அர்ச்சனா உயிரைக் கொடுத்து எழுதினாள். கடை இருந்த கட்டடம் வெள்ளைக்காரன் காலத்தது. கடைக்காரரிடம் கெஞ்சி உள்ளே போய், பின்கட்டில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளை மஞ்சுவும் மற்ற பெண்களும் நகர்த்திக் கொடுத்தார்கள். சுவரை ஒட்டி ஒரு செங்கல் அடுப்பும், பாசி நிறத்தில் களிம்பேறிய செம்புக் குழாயும் தெரிந்தன. அந்தக் காலத்தில் அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்றிருக்கிறார்கள்.

கட்டுரையைப் படித்த ஞானதாஸ் மறுநாளே பஸ் பிடித்து வந்தார். இத்தனை தலைமுறையாக ஒரே இடத்தில் ஒரே வியாபாரம், நடுவில் மதுவிலக்கு வந்துபோன பிறகும், நடப்பது எங்குமே இல்லாத அதிசயம் என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் சொல்லி, தொல்லியல் துறை அதிகாரிகள் ஜீப்பில் வந்து அளந்துகொண்டு போனார்கள். மஞ்சு அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

அந்த வாரம்தான், கடையை வேறு இடத்துக்கு மாற்றுவது பற்றிப் பேச வரச்சொல்லி அவளுக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. அவள் போகவில்லை. போர்டே வரப்போகிறது, இனி மனு எதற்கு என்று இருந்துவிட்டாள்.

போர்டு வந்தது. பெண்கள் அர்ச்சனாவுக்கு மாலை போட்டு, கடை வாசலில் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார்கள். ஆண்கள் சாவுக்கு வந்தவர்கள்போல எட்டத்தில் நின்றார்கள். உதயகுமார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குந்தியிருந்தான். இத்தனை வருஷ வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சுவுக்கு அவன்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

ஆட்கள் குழி தோண்டி, சுற்றியிருந்த தாளைப் பிரிக்காமலே போர்டை நட்டு, சுற்றிலும் சிமெண்ட் போட்டார்கள். எல்லாம் முடிந்து அதிகாரி ஜீப்பில் ஏறப்போனபோது மஞ்சு குறுக்கே போய் நின்றாள்.

“கடைய எப்ப சார் எடுப்பாங்க?”

அவள் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் வந்த அந்த நடுக்கத்தை அதிகாரி கவலை என்று எடுத்துக்கொண்டார். கூடியிருந்த பெண்களையும், மாலையையும், எரிந்துகொண்டிருந்த சூடத்தையும் பார்த்து அவர் மனம் நெகிழ்ந்துபோனார்.

“பயப்படாதீங்கம்மா, இனிமே இந்தக் கடைய யாராலும் எடுக்க முடியாது.”